காணிக்கை மேசையில் ஒரு வெள்ளி வில்லை

காஜாங், சிலாங்கூர்
20 ஆகஸ்டு 1931

பிரியமுள்ள அண்ணனுக்கு,

தம்பி தங்கையன் எழுதுவது. நானும் தேவகனியும் பிள்ளைகள் இருவரும் ஆண்டவர் தயவால் நலம். மழை பிடித்தால் அண்ணனுக்கு வரும் இளைப்பு இந்த வருஷம் எப்படி இருக்கிறது? மைனியின் முழங்காலுக்கு ஒரு தைலம் ஆபேலிடம் கொடுத்திருக்கிறேன்.

ஆபேல் எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர், இராஜாக்கமங்கலத்துக்காரன். லீவில் ஊருக்கு வருகிறான், டிசம்பரில் திரும்புவான். அவன் கையில் ஒரு தகரப் பெட்டியும் தருகிறேன். அறுப்பின் பண்டிகையன்று பள்ளிக்கூட ஹாலில் நடக்கும் மாற்றுச் சந்தையில் தபால் தலை, பழைய நாணயம் இவற்றோடு பந்தாட்ட அணிகளின் வில்லைகளையும் மாற்றுகிறார்கள் என்று நீங்கள் எழுதியது முதல் எனக்கு ஒரே ஆசை. சட்டையில் குத்திக்கொள்ளும் மலாயா கிளப் வில்லைகள் பெட்டியில் இருக்கின்றன. அவற்றுக்குப் பதில் கொல்லம், திருச்சி, மதராஸ், எந்த ஊர் அணியுடையது கிடைத்தாலும் வாங்கி வையுங்கள்.

பஞ்சில் சுற்றியிருப்பது 1908ஆம் வருஷம் நம் பள்ளிக்கூடப் பந்தாட்ட அணியில் ஆடி நான் வாங்கிய வெள்ளி வில்லை. அது மாற்றுவதற்கு அல்ல. மேசையில் சும்மா வைத்தால் போதும். இது ஆடினவன் வீட்டுச் சரக்கு என்று தெரிந்தால் எதிரே இருப்பவர்களும் நல்லதை வெளியே எடுப்பார்கள். ஆபேல் திரும்பும்போது அவனிடமே கொடுத்தனுப்புங்கள்.

மைனிக்கு எங்கள் அன்பு.

தங்கள் தம்பி
தங்கையன்


நாகர்கோவில்
14 செப்டம்பர் 1931

அன்புள்ள தம்பி தங்கையனுக்கு அண்ணன் சத்தியநேசன் ஆசீர்வாதம்.

வீட்டில் சுகத்துக்குக் குறைவில்லை. இளைப்பு இருக்கிறது. மற்றதெல்லாம் என்னைவிட்டுப் போய்விட்டது, அதுவாவது கூட இருக்கட்டும். தைலம் தேய்த்ததில் உன் மைனி ஜெயபாய் நேற்று படியிறங்கிக் கடைக்கே போய்வந்தாள்.

ஆபேல் பெட்டியைக் கொடுத்தான். "தம்பி வில்லை அனுப்பியிருக்கிறான்" என்றதும் உன் மைனி, "கச்சேரிச் சேவகன் தோளுல மாட்டுவானே, அதா? உங்களுக்கு எதுக்கு? பியூன் வேலைக்கா போகப் போறிய?" என்று கேட்டாள். "அந்த வேலைக்கும் ஹெட்மாஸ்டர் ஞானதாசன் சிபாரிசு வேண்டுமே" என்றேன். அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

சந்தைக்குத் திருவனந்தபுரத்துக் கல்லூரிப் பையன்கள், மலைத் தோட்டத்து ரைட்டர்கள், திருநெல்வேலியிலிருந்து ஒரு வக்கீல் குமாஸ்தா என்று பலர் வருவார்கள். நான் கொண்டுபோவது சிகரெட்டுப் பெட்டிக்குள் வரும் கிரிக்கெட் ஆட்டக்காரர் படங்கள். மலையில் ஒரு துரை வீட்டுச் சமையற்காரர் சேர்த்துவைத்துத் தருகிறார். இருந்தும் போன வருஷம் உபதேசியார் ஜெபமணி என் காதருகே வந்து, "சாரே, படத்த மட்டுந்தானே எடுக்கிய?" என்று கேட்டுவிட்டுப் போனார். ஒரு சிகரெட்டைத் தொடாமலே எனக்கு அந்தப் பெயரும் வந்தாயிற்று.

வெள்ளி வில்லையைப் பஞ்சிலிருந்து எடுத்துப் பார்த்தேன். முன்பக்கம் பனையும் பந்தும். பின்பக்கம் உன் பெயரும், நீ நின்று காத்த இடமான 'கோல்' என்ற சொல்லும். கோட்டாற்றுத் தட்டான் நன்றாகத்தான் வெட்டியிருக்கிறான். பதினொரு பேருக்குப் பதினொன்று. ஆட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் வரை அணியில் நானும் இருந்தேன் என்பது உனக்கு நினைவிருக்கும். கேப்டன் ஞானதாசனுக்கு இரவோடு இரவாக வேறொருவனைப் பிடித்துப்போயிற்று. ஆட்டம் முடிகிறவரை உங்கள் எல்லாருடைய மேல்சட்டைகளையும் கையில் பிடித்துக்கொண்டு கோட்டோரம் நின்றேன். சட்டை பிடித்தவனுக்கு வில்லை எதற்கு? எனக்குப் பிறகு பி.ஏ. தேறினவன் இன்று ஹெட்மாஸ்டர். நான் அவனுக்குக் கீழே இங்கிலீஷ் இலக்கணம் சொல்லிக்கொடுக்கிறேன். பள்ளிக்கூடக் காரியம் எதுவானாலும் சீட்டில் எழுதி அனுப்புவேன். வாய்ப்பேச்சு நின்று வருஷங்களாயின.

நீ கேட்டபடி செய்கிறேன். பிள்ளைகளை மழையில் நனைய விடாதே.

உன் அண்ணன்
சத்தியநேசன்


நாகர்கோவில்
20 அக்டோபர் 1931

அன்புள்ள தம்பிக்கு,

இவ்விடம் எல்லாரும் சௌக்கியம். உங்கள் நலத்துக்குத் தினமும் ஜெபிக்கிறோம்.

போன வியாழக்கிழமை பண்டிகையும் சந்தையும் நடந்தன. உன் மலாயா வில்லைகளைப் பார்க்கக் கூட்டம் முண்டியது. இங்கே ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். இருவரும் தங்கள் பொருளை மேசையில் கவிழ்த்து வைக்கவேண்டும். இருவரும் கையை எடுத்துவிட்டால் மாற்று முடிந்தது; அதன்பின் பேச்சு கிடையாது. ஒரு ரைட்டர் கையை எடுப்பதும் வைப்பதுமாக இருக்க, பக்கத்தில் நின்றவர், "ஓய், வில்லைய மாத்துகீரா, அதுக்கு ஞானஸ்நானம் கொடுக்கீரா?" என்றார். ஹாலே சிரித்தது.

கொல்லத்து அணியுடையது ஒன்று, திருச்சி ரெயில்வேக்காரர்களுடையது ஒன்று, மதராஸ் கல்லூரி ஒன்றின் சிவப்பு வில்லை, இன்னும் இரண்டு கிடைத்திருக்கின்றன. என் படங்களை யாரும் அவ்வளவாகச் சீண்டவில்லை. ஆபேலும் வந்திருந்தான், பாதி நேரம் கூடவே நின்றான்.

வெள்ளி வில்லையைப் பற்றி விவரமாகப் பின்னால் எழுதுகிறேன். அது ஊரில்தான் இருக்கிறது. மழை கொட்டுகிறது, தபால் கட்டும் நேரமும் ஆகிவிட்டது.

அண்ணன்
சத்தியநேசன்


காஜாங்
12 நவம்பர் 1931

பிரியமுள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இங்கே சின்னவளுக்கு மட்டும் காய்ச்சல் வந்து போயிற்று. மற்றபடி எல்லாரும் நலம்.

கொல்லம் வில்லை கிடைத்த சந்தோஷத்தை முழுதாக அனுபவிக்க முடியவில்லை. ரப்பர் விலை தரைக்கு வந்துவிட்டது. பக்கத்துத் தோட்டங்களில் ஆட்களைக் கூட்டங்கூட்டமாகக் கப்பலேற்றுகிறார்கள். எங்கள் தோட்டத்திலும் என்னைப்போல் கணக்கெழுதும் கிராணிகளில் பாதிப் பேரை மார்ச்சு முதல் தேதியோடு நிறுத்துவதாகப் புதுத் துரை சொல்லிவிட்டார். ஆனால் அவர் பந்தாட்டப் பைத்தியம். தோட்டத்து அணியைப் பழக்கி நடத்தத் தெரிந்த ஒரு கிராணியை மட்டும் எப்படியும் வைத்துக்கொள்வாராம். நான் பள்ளிக்கூட அணியில் கோல் காத்தவன், வெள்ளி வில்லை வாங்கினவன் என்றேன். "எங்கே, காட்டு" என்றார். ஊருக்கு அனுப்பியிருக்கிறேன் என்றதும் சிரித்தார். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்களாம்.

அண்ணே, அந்த வில்லையில் என் பெயர் இருக்கிறது, ஆடின இடம் இருக்கிறது. எனக்கு வேறு அத்தாட்சி இல்லை. ஆபேல் கப்பலேறுமுன் மறவாமல் அவன் கையில் கொடுத்துவிடுங்கள். அது ஊரில்தான் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். வீட்டில்தானே என்று தேவகனி கேட்கிறாள்.

தம்பி
தங்கையன்


நாகர்கோவில்
5 டிசம்பர் 1931

அன்புள்ள தம்பிக்கு,

சின்னவளுக்குக் காய்ச்சல் விட்டது கேட்டு ஆறுதல். எனக்குப் பத்து நாளாக இளைப்பு அதிகம். எழுதத் தாமதித்ததற்கு அதுதான் காரணம் என்று வைத்துக்கொள்.

நடந்ததைச் சொல்கிறேன். ஹாலுக்கும் கோயிலுக்கும் நடுவே பந்தல் போட்டு, காணிக்கை மேசையை அங்கேதான் வைத்திருந்தார்கள். நெல், பூசணி, வாழைத்தார், கால் கட்டின கோழிகள் எல்லாம் வழக்கம்போல். ஹாலிலிருந்து வெளியே வந்தேன். எதிரே ஞானதாசன் வந்துகொண்டிருந்தான். அவனோடு முகங்கொடுக்க வேண்டாமே என்று ஒதுங்கினேன். கையில் இருந்த வில்லையைப் பக்கத்து மேசையில் வைத்துவிட்டு, திண்டுக்கல் பையன் ஒருவனிடம் பேசுவதுபோல் திரும்பி நின்றேன். அது காணிக்கை மேசை என்று அப்போது கவனிக்கவில்லை.

நான் திரும்புவதற்குள் ஏலம் தொடங்கிவிட்டது. மேசையில் வைத்தது ஆண்டவருக்கு வைத்தது. திரும்ப எடுக்கக் கூடாது, ஏலத்தில்தான் வாங்கவேண்டும். நம் சபை வழக்கம் உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஜெபமணி உபதேசியார் பூசணியைத் தள்ளிவிட்டு வில்லையைத் தூக்கினார். "பூசணி போச்சி, வெள்ளி வந்தாச்சி! இது ஆரு வச்சது?" என்றார். திருப்பிப் பார்த்து உன் பெயரை வாசித்தார். "மலாயாவுல இருக்க நம்ம தங்கையன்! கடல் தாண்டி இருந்தும் அறுப்பின் பண்டிகைய மறக்கல்ல, பாத்தியளா!" சபையார் எல்லாரும் ஸ்தோத்திரம் என்றார்கள். போதகர் உன் பெயரைச் சொல்லி ஜெபம் பண்ணினார். அதன்பிறகு நான் போய், இது காணிக்கை இல்லை, கொடுங்கள் என்று எப்படிக் கேட்பது?

ஏலம் கேட்டிருக்கலாம். ஆனால் முதல் கேள்வியை ஞானதாசன் கேட்டுவிட்டான். ஹெட்மாஸ்டர் கேட்டதற்குமேல் கேட்க மற்றவர்கள் தயங்கினார்கள். நான் வாய் திறந்தால் அவனோடு நான் போட்டிக்கு நிற்கிறேன் என்று ஊரே வேடிக்கை பார்க்கும். மூன்று தரமும் சொல்லி முடிந்தது.

வில்லை அவனிடம் இருக்கிறது. பத்திரமாகத்தான் இருக்கும். ஆபேல் செவ்வாய்க்கிழமை புறப்படுகிறான். அவனிடம் கொடுக்க முடியவில்லை. வேறு வழி பார்க்கிறேன்.

அண்ணன்
சத்தியநேசன்


காஜாங்
30 டிசம்பர் 1931

பிரியமுள்ள அண்ணனுக்கு,

அண்ணனுக்கும் மைனிக்கும் புது வருஷ ஆசீர்வாதம் பெருகட்டும். இளைப்புக்கு இஞ்சிச் சாறு குடிக்கிறீர்களா?

ஆபேல் வந்து சேர்ந்தான். ஊர்க் கதையெல்லாம் சொன்னான். சந்தையைப் பற்றியும் சொன்னான்.

வில்லை ஞானதாசன் அண்ணாச்சியிடம் இருப்பது ஒருவகையில் நல்லதுதான் என்று நினைக்கிறேன். அவர் எங்கள் கேப்டன். இப்போது அதே பள்ளிக்கூடத்தின் ஹெட்மாஸ்டர். இன்னான் இன்ன வருஷம் கோல் காத்தான் என்று பள்ளிக்கூடக் கடிதத்தாளில் இரண்டு வரி எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தால், துரைக்கு வில்லையைவிட அது பெரிது. நீங்கள் ஒரு நடை போய்க் கேளுங்கள். நானே அவருக்கு நேராக எழுதியிருப்பேன். அண்ணனைத் தாண்டிக்கொண்டு எழுதினான் என்று நீங்கள் வருந்துவீர்களோ என்றுதான் எழுதவில்லை.

பண்டிகையன்று வேறு ஏதாவது நடந்ததா அண்ணே? எதுவானாலும் என்னிடம் சொல்லலாம்.

தம்பி
தங்கையன்


நாகர்கோவில்
18 ஜனவரி 1932

அன்புள்ள தம்பிக்கு,

இருவரும் இருக்கிறோம். இஞ்சிச் சாறு குடிக்கிறேன்.

ஒரு நடை போய்க் கேளுங்கள் என்று எழுதிவிட்டாய். கடலுக்கு அப்பால் இருந்து எழுதுவது எளிது. என் வகுப்பை அவன் ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டுவிட்டுப் போவதும், இன்ஸ்பெக்டர் வரும் நாளில் என்னைக் கடைசி வகுப்புக்கு அனுப்புவதும் உனக்குத் தெரியாது. போன வருஷம் ஆண்டுவிழாவில் எல்லாருக்கும் நாற்காலி போட்டு, "சத்தியநேசன் சார் நின்னுக்கிடுவாரு, அவருக்கு உக்காந்தா இளைக்கும்" என்று சொன்னவன் அவன். எல்லாரும் சிரித்தார்கள். அவன் வாசலில் போய் நின்று நான் கைநீட்ட வேண்டும்!

போகவில்லை என்று எண்ணாதே. கிறிஸ்துமஸ் வாரத்தில் ஒருநாள் அவன் வீட்டுப் படலைக் கதவு வரை போனேன். உள்ளே ஹார்மோனியம் வாசித்துப் பாடிக்கொண்டிருந்தார்கள். பாட்டு முடியட்டும் என்று நின்றேன். முடிந்ததும் அடுத்த பாட்டைத் தொடங்கினார்கள். திரும்பிவிட்டேன்.

வேறு ஒன்றும் நடக்கவில்லை. பெரிய கூட்டம், அவ்வளவுதான். ஆபேல் சின்னப் பையன், எதையாவது பார்த்து எதையாவது சொல்லியிருப்பான்.

மார்ச்சுக்கு இன்னும் நாள் இருக்கிறது.

அண்ணன்
சத்தியநேசன்


காஜாங்
6 பிப்ரவரி 1932

அண்ணனுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

துரை இன்று மறுபடி கேட்டார். யாழ்ப்பாணத்துக் கிராணி ஒருவர் தம் கல்லூரி அணியின் போட்டோவைக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார். பிள்ளைகளை என்ன செய்வது என்று தேவகனி கேட்கிறாள்.

ஆபேல் சின்னப் பையன் இல்லை அண்ணே. அவனுக்கு முப்பது வயது.

தங்கையன்


நாகர்கோவில்
27 பிப்ரவரி 1932

அன்புள்ள தம்பிக்கு,

எல்லாரும் நலமாய் இருக்கக் கர்த்தர் கிருபை செய்யட்டும்.

உன் கடிதம் நேற்றுப் பகல் வந்தது. சாயங்காலமே போனேன். ஞானதாசன் முற்றத்தில் ஈஸிசேரில் இருந்தான். அவன் மனைவி ராகேல் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையை உதறிவிட்டு எழுந்து, "வாருங்க அண்ணாச்சி" என்று நாற்காலி கொண்டுவந்தாள். அவன் எழுந்திருக்கவில்லை.

"வாரும் வேய். அறுப்பின் பண்டிகை கழிஞ்சி அடுத்த அறுப்பே வந்தாச்சி. இன்னைக்குத்தான் வழி தெரிஞ்சுதா?"

நான் உட்காரவில்லை. "தம்பி விஷயமாக வந்தேன்" என்றேன்.

"தம்பிக்கு என்ன?"

சொன்னேன். துரை கேட்டது, மார்ச்சு முதல் தேதி எல்லாம் சொன்னேன். அவன் முகம் மாறிவிட்டது. எழுந்து நின்றுவிட்டான். "இத எப்பம் எழுதினான் அவன்?" என்று கேட்டான்.

"நவம்பரில்."

"நவம்பர்ல எழுதினதுக்கு இன்னைக்கு வாறீரா? ஏன் வேய், நான் என்ன கடிச்சா தின்னுருவேன்? எம் மேல உள்ள வெப்புராளத்துக்கு அந்தப் பிள்ளைய எதுக்குப் பட்டினி போடுதீரு?"

ராகேல்தான் பேசினாள். "நீங்க மட்டும் யோக்கியமா? அண்ணாச்சி, இவரு அத ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் சட்டைப் பையில போட்டுக்கிட்டுத்தான் கோயிலுக்கு வந்தாரு. நீங்க கேட்டா குடுக்கணும்னு. நீங்க கேக்கல்ல. கேக்காம குடுக்க இவருக்கு மனசு வரல்ல. ஒரே அச்சுல வார்த்த ரெண்டு ஆளு."

"கேக்கட்டும்னுதான் இருந்தேன்" என்றான் அவன். "தங்கையன் காணிக்கை அனுப்பல்லன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். நான் எல்லாம் பாத்துக்கிட்டுதான வந்தேன்."

எதைப் பார்த்தான் என்று நான் கேட்கவில்லை. அவனும் அதற்குமேல் சொல்லவில்லை. உள்ளே போய் வில்லையைக் கொண்டுவந்தான். மேசை முன் உட்கார்ந்து பள்ளிக்கூடக் கடிதத்தாளில் எழுதினான். இரண்டு வரி இல்லை, ஒரு பக்கம். நீ எத்தனை பந்தைத் தடுத்தாய், கடைசிப் பந்தில் எப்படி விழுந்தாய் என்றெல்லாம். இங்கிலீஷ் பிழை ஒன்றும் இல்லை. வாசித்துப் பார்க்கச் சொல்லி நீட்டினான். நின்றபடியே வாசித்தேன். உன்னைப் பற்றி அவனுக்கு இவ்வளவு நினைவிருக்கிறது. எனக்கு அன்றைய ஆட்டத்தில் சட்டைகள்தான் நினைவிருக்கின்றன.

இரண்டையும் ரிஜிஸ்டர் தபாலில் இன்று காலையே அனுப்பிவிட்டேன். துரையிடம் இன்னும் கொஞ்ச நாள் தவணை கேள்.

அண்ணன்
சத்தியநேசன்


காஜாங்
20 மார்ச்சு 1932

மதிப்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் நால்வரும் சுகம்.

ரிஜிஸ்டர் தபால் நேற்று வந்தது. என் பெயரை முதல் தேதியே அடித்துவிட்டார்கள். யாழ்ப்பாணத்துக்காரருக்கு வேலை நிலைத்தது. அவரும் பிள்ளைகுட்டிக்காரர்தான். ஞானதாசன் அண்ணாச்சி எழுதியதைத் துரையிடம் கொண்டுபோய்க் காட்டினேன். நின்று முழுதும் வாசித்தார். "இதை முன்பே கொண்டுவந்திருக்கக் கூடாதா?" என்றார்.

வில்லையைத் திரும்பக் கொண்டுவர மனம் இல்லை. தோட்டத்துக் கிளப்புக்கே கொடுத்துவிட்டேன். நீங்கள் மாற்றி வாங்கிய கொல்லத்து வில்லை முதலானவை உங்களிடமே இருக்கட்டும்; அவற்றைப் பார்க்கும் ஆசை விட்டுப்போயிற்று.

ஆபேல் வந்த அன்றே எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். வில்லை உங்கள் கையில் இல்லை, கோட்டில் குத்தியிருந்தது. திருநெல்வேலிக் குமாஸ்தா, "சார் எந்த எடத்துல ஆடினிய?" என்று கேட்டபோது, "கோல்" என்றீர்கள். ஞானதாசன் அண்ணாச்சி வருவதைப் பார்த்ததும் கழற்றிப் பூசணிக்காய்க்குப் பின்னால் வைத்தீர்கள். உபதேசியார் என் பெயரை வாசித்தபோது அந்தக் குமாஸ்தா உங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆபேலும்தான்.

குத்திக்கொண்டதற்கு எனக்கு வருத்தம் இல்லை. கேட்டிருந்தால் நானே எழுதியிருப்பேன், போட்டுக்கொள்ளுங்கள் என்று. அன்று உங்களை நீக்கியது எனக்கும் அநியாயமாகத்தான் பட்டது. அப்போது சொல்லாதது என் தப்பு. ஆனால் நான் இடம் விட்டுக் கேட்டேன், இரண்டு தரம். "வேறு ஒன்றும் நடக்கவில்லை" என்று எழுதினீர்கள். அதை வாசித்த அன்றுதான், நாம் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான் என்று தேவகனியிடம் சொன்னேன்.

வருகிற மாதம் பதினைந்தாம் தேதிக் கப்பலில் ஏறுகிறோம். நாகப்பட்டினத்தில் இறங்கி ஆபேலின் மாமா ஞானப்பிரகாசம் வீட்டில் இரண்டு நாள் தங்கிவிட்டு, ரெயிலில் திருநெல்வேலி வந்து பஸ் ஏறுவோம். முதலில் தேவகனியின் தாய்வீட்டுக்குத்தான் போகிறோம். நீங்கள் ஸ்டேஷனுக்கு வரவேண்டாம். இளைப்பு உள்ளவர்.

தங்கையன்


நாகர்கோவில்
9 ஏப்ரல் 1932

தங்கையா,

நாகப்பட்டினத்து விலாசத்துக்கு எழுதுகிறேன். கடல் உங்களை நோகாமல் கொண்டுவந்து சேர்த்திருக்கும் என்று நம்புகிறேன். சுகம் விசாரிக்கும் வழக்கமான வரிகளை எழுத உட்கார்ந்தேன், கை ஓடவில்லை.

ஆபேல் சொன்னது அத்தனையும் உண்மை. ஒன்று மட்டும் அவனுக்குத் தெரியாது. குமாஸ்தா கேட்டபோது நான் யோசித்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொல்லிற்று. சொன்ன பிறகு அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு நன்றாக இருந்தது, தம்பி. இதை எழுதும்போது பேனாவைப் பிடித்திருக்கிற என் கையை எனக்கே பார்க்கப் பிடிக்கவில்லை.

உன் கடிதத்தை உன் மைனியிடம் வாசித்துக் காட்டினேன். ஒரு வரியையும் விடவில்லை. அவள் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள். சாப்பாடு வைத்தாள். மறுநாள்தான் வாய் திறந்தாள். "கொழுந்தனுக்கு வேலை போகப் போகுதுன்னு தெரிஞ்சும் இத்தன மாசமா தபால்காரனப் பாத்துச் சிரிச்சிக்கிட்டு இருந்தியளே" என்றாள். நான் சிரித்தேனா என்று நினைவில்லை. சிரித்திருப்பேன்.

ஞானதாசனிடம் போனேன். உன் பெயர் அடிபட்டதைச் சொன்னேன். அவன் திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அன்னைக்கு ராத்திரியே ஒரு தந்தி அடிச்சிருக்கலாம். எனக்கும் தோணாமப் போச்சே" என்று மட்டும் சொன்னான். வழியனுப்பப் படலை வரை வந்தான். அவன்மேல் இத்தனை காலம் வைத்திருந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் வீட்டுக்கு வந்தேன்.

நான் வரவேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். தேவகனியின் தாய்வீட்டுக்கே போங்கள், நம் வீட்டுக்குக் கூப்பிட எனக்கு வாய் இல்லை. ஆனால் திருநெல்வேலி ஸ்டேஷனில் நான் நிற்பேன். இரண்டு பிள்ளைகள், இத்தனை வருஷத்துச் சாமான். ஸ்டேஷனிலிருந்து பஸ் நிற்கும் இடம் வரை நடக்கவேண்டும். நீ என்னிடம் பேசவேண்டாம், என் முகத்தைப் பார்க்கவும் வேண்டாம். பெட்டியை மட்டும் என்னிடம் கொடு.

சத்தியநேசன்